தரையில் ஒரு ஹெல்மெற்

இனி வளைவே கிடையாது என்று சொல்லும் அந்தப் பலகையைக் கடந்தபோது குகதாசனுக்கு முதலில் வந்த நினைப்பு, இதற்குப் பக்கத்தில் நின்றுதானே அவன் படம் எடுத்தவன் என்பது. நூற்று நாற்பத்தாறு கிலோமீற்றருக்கு வீதி எந்தப் பக்கமும் திரும்பாது. இப்படியோர் இடத்தில் மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியே போகிற மனிதன் கடவுளை நினைக்கலாம், செத்தவர்களை நினைக்கலாம், ஒன்றையும் நினைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டும் போகலாம். மெல்பேர்னிலிருந்து இத்தனை தூரம் வந்து, நலர்போர் சமவெளியில் பாதிக்கு மேல் கடந்த பிறகு, குகதாசன் நினைத்தது யோகனின் வயிற்றை. அந்தப் படத்தில் யோகனுக்கு வயிறு இல்லை. நீலப் பெற்றோல் தாங்கி வைத்த மோட்டார் சைக்கிளில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையில் ஹெல்மெற்றை ஏதோ கிண்ணம் வென்றவன் போலப் பிடித்துக்கொண்டு, பெல்ற்றுக்கு மேலே ஒன்றுமே பிதுங்காமல் நிற்கிறான். குகதாசனுக்கு வயிறு இருக்கிறது. இப்போதும் பெற்றோல் தாங்கியில் முட்டிக்கொண்டு, வீதி குலுங்கினால் தானும் குலுங்கிக்கொண்டு இருக்கிறது. அது எரிகிறது என்று சொன்னால் வெறும் பேச்சுக்குச் சொல்வதாக நினைக்கக்கூடாது, உண்மையாகவே எரிகிறது, காலையில் வீதியோர றோட்ஹவுஸில் தின்ற முட்டையும் கருகின பாணும் காரணமாக இருக்கலாம், ஆனால் இந்த எரிவு முட்டைக்கு முந்தியது, இந்த நாட்டுக்கே முந்தியது என்று கூடச் சொல்லலாம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் பற்றை. சிவப்பு மண். முன்னால் வீதி ஒரு கறுப்பு நாடாவாகப் போய் வானத்தில் முட்டுகிற இடத்தில் தண்ணீர் நிற்பதுபோல ஒரு மினுக்கம். அந்த மினுக்கத்துக்குள் இருந்துதான் யோகன் வருவான். நேற்றே புறப்பட்டு, இன்றைக்கு எதிரே வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். வளைவில்லாத வீதியில் வரப்போகிறவனை விட்டு விலகிப் போக ஒரு சந்தும் இல்லை.

யோகன் யாரென்றால், குகதாசனுக்கு ஒன்பது வருசம் மனைவியாக இருந்த தவமலரின் இப்போதைய கணவன். ஒன்பது வருசம் முடிந்ததும் தவமலர் ஏழு வயது ஆரபியின் கையைப் பிடித்துக்கொண்டு பேர்த்துக்குப் போய்விட்டாள், கண்டத்தின் இந்தக் கரையை விட்டு அந்தக் கரைக்கு. அதைவிடத் தூரமாகப் போக வேண்டுமென்றால் கடலுக்குள்தான் இறங்க வேண்டும். ஆரபி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தையும் கொண்டுவருவாள். யோகன் தனியா ஓடினவர் அப்பா, கங்காரு குறுக்கால பாஞ்சதாம் அப்பா, யோகன் விழேல்ல அப்பா. விழுந்திருக்கலாம், என்று பஸ் ஓட்டுகிற தகப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டு நினைப்பான். அவள் யோகன் என்றுதான் சொல்லுவாள், மாமா என்றுகூடச் சொல்வதில்லை. ஆனால் அது எனக்காகச் சொல்வது, அங்கே அந்த வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றியதும் வேறு சொல் ஒன்று வரும், அந்தச் சொல் எனக்குத் தெரியும், நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நாள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்படி இருபது வருசம். போன மாதம் அவளே தொலைபேசியில் எடுத்தாள். கல்யாண நாள் எல்லாம் முடிவான பிறகு, குரலை இறக்கிக்கொண்டு, "அப்பா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது." "கேள் பிள்ளை." "தாரை வார்க்கேக்க அம்மாவோட யோகன் இருக்கட்டுமே? உங்களுக்குப் பக்கத்தில இருக்க அம்மாவுக்கு ஏலாதாம். நீங்கள் ஓமெண்டால் மட்டும்தான். இல்லையெண்டால் வேற வழி பாப்பம்." அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நேர வந்து சொல்லுறன்" என்றான். அடுத்த கிழமை போய் மோட்டார் சைக்கிள் வாங்கினான். ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் கொலஸ்ட்ரோல் பார்ப்பார்கள், இவன் சைலன்ஸர் பார்த்தான். பஸ் டிப்போவில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவன் மனதில் ஒரு காட்சி இருந்தது, மெல்பேர்னில் புறப்பட்டதிலிருந்து அதைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறான். பேர்த்தில் அந்த வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. புழுதி. இயந்திரம் அணைகிறது. ஆரபி ஓடிவருகிறாள், பின்னால் தவமலர், அவளுக்கும் பின்னால், நன்றாகப் பின்னால், அவன். குகதாசன் இறங்கி ஹெல்மெற்றைக் கழற்றுகிறான். கழற்றிவிட்டுச் சொல்கிறான். என்ன சொல்கிறான் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் மாறும். சில நேரம், இல்லைப் பிள்ளை, உன்னைப் பெத்தவன் நான், குடுக்கிறதும் நான்தான் என்று சொல்லுவான், தவமலர் தலையைக் குனிவாள். சில நேரம் பெரிய மனது பண்ணி, சரி, அவரே இருக்கட்டும் என்பான், அப்போதும் தவமலர் தலையைக் குனிவாள். இரண்டிலும் தவமலர் குனிவதும் அவன் ஹெல்மெற்றைக் கழற்றுவதும் மாறாது. ஆக அவனுக்கு வேண்டியது என்ன, மகளைக் கொடுப்பதா அல்லது தவமலர் குனிவதா, என்று ஒரு கேள்வி நேற்று மத்தியானம் வந்தது. எதிரே ஒரு பெரிய லொறி வந்து காற்றால் அடித்ததில் அந்தக் கேள்வி போய்விட்டது. இப்போது அந்தக் காட்சியையும் யோகன் கெடுத்துவிட்டான். முன்னுக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன் என்று செய்தி. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை ஏற்றுகிற மாதிரி. நானாக வந்து சேர்ந்தேன் என்று இருக்கக்கூடாது, கடைசித் துண்டில் அவன் முன்னால் போக நான் பின்னால் போய் இறங்க வேண்டும். எவ்வளவு கணக்காகச் செய்கிறான் பாருங்கள். உதவி செய்கிறவன் மாதிரியே இருந்துகொண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுகிற மனிதர் சிலர் இருக்கிறார்கள்.

மினுக்கத்துக்குள் ஒரு வெளிச்சம். வெளிச்சம் நெடுநேரம் அப்படியே நின்றது, இந்த வீதியில் எதுவும் வருவதாகத் தெரியாது, நின்றுகொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று பக்கத்தில் நிற்கும். இரண்டு மோட்டார் சைக்கிள்கள். யோகன் இல்லை. தாடிக்காரர் இரண்டு பேரும் தலையை ஒரு வெட்டு வெட்டினார்கள், குகதாசனும் வெட்டினான். இங்கே மோட்டார் சைக்கிள்காரர் எதிரும் புதிருமாகக் கடக்கும்போது தலையசைக்காமல் போவதில்லை. முதல் நாள் அவனுக்கு அது விளங்காமல் பின்னால் ஏதோ கழன்று விழுந்துவிட்டதைத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்து மூன்று தரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தான். அதைவிடப் பெரிய கூத்து முந்தநாள் நடந்தது. பசித்ததென்று வீதியோரம் நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு, பாணையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு இருந்தான். முதல் வாய் வைக்கவில்லை, ஒருவன் வந்து நின்றான், எல்லாம் சரியா என்று கேட்டான். சரி என்றான். அவன் போக இன்னும் இருவர் நின்றார்கள், சரியா என்றார்கள், தண்ணீர் வேண்டுமா என்றார்கள். இந்த நாட்டுச் சனம் பஸ்ஸுக்குள் ஏறினால் முகத்தைப் பார்க்காது, இங்கே என்ன இவ்வளவு பாசம், சம்பல் மணக்கிறதோ என்று யோசித்துக்கொண்டு இருக்கையில்தான் ஜோய்ஸ் என்றொருத்தி வந்து நின்றாள். எழுபது வயதிருக்கும், வெள்ளைப் பின்னல், அவளும் தனியே. அவன் சரி, எல்லாம் சரி என்று கையால் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெல்மெற் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தரையில் கிடந்தால் எனக்கு உதவி வேண்டும் என்று அர்த்தம், மனுசா, அதைக் கண்ட எந்த மோட்டார் சைக்கிள்காரனும் நிற்காமல் போக மாட்டான், போனால் அவன் மனிதன் இல்லை என்றாள். அவன் ஹெல்மெற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு அவள் கண் அவனுடைய பைக்குள் போனது. அங்கே சோடாப் போத்தல்களில் பெற்றோல். சிரிப்பு நின்றுவிட்டது. குண்டைக் கட்டிக்கொண்டு போகிறாயே என்று ஏசிவிட்டு, தன்னுடைய சிவப்புப் பெற்றோல் கானில் எல்லாவற்றையும் ஊற்றி அவனுக்கே கட்டிக் கொடுத்தாள். அத்தனை பெற்றோல் எதற்கு, றோட்ஹவுஸுக்கு றோட்ஹவுஸ் பெற்றோல் இருக்கிறதே என்று கேட்டாள். அவளுக்கு என்னவென்று சொல்வது.

அவளுக்குச் சொல்வதென்றால் யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குள் ஒரு துளி பெற்றோல் வராத வருசங்களில் கொக்குவிலில் இருந்த எவனுக்கும் பெற்றோல் என்பது தங்கத்துக்கு ஒரு படி மேல். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலைக் காட்டி, இயந்திரம் ஏமாந்து இருமிப் பற்றியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வித்தையை ஊரே கற்றுக்கொண்டது. குகதாசனிடம் ஒரு எம்டி நைன்ரி மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாளில், கிளாலிக் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற முடிவெடுத்து, தவமலரைப் பின்னால் இருத்தி அதில்தான் கொண்டுபோனான். கரும்புகை. பின்னால் அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அவன் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள், அப்போது அது சுற்றிப் பிடிக்கக்கூடிய வயிறு. வழியில் மோட்டார் சைக்கிள் நின்றது. மேலே ஹெலிகொப்ரர் சத்தம். அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான், அடியில் ஒரு விரல் அளவுக்குப் பெற்றோல், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. அவள் அவனைப் பார்த்த பார்வை. அந்தப் பார்வையைப் பிறகு ஒருநாளும் அவள் பார்க்கவில்லை, மெல்பேர்னில் வீடு வாங்கியபோதும் இல்லை, ஆரபி பிறந்தபோதும் இல்லை. அதனால்தானோ என்னவோ அன்றைக்குத் தொடங்கி அவன் போத்தலில் பெற்றோல் இல்லாமல் எங்கும் வெளிக்கிடுவதில்லை. மெல்பேர்னில் சந்திக்குச் சந்தி பெற்றோல் நிலையம் இருக்க, கார் டிக்கிக்குள் போத்தல். தவமலர் கத்துவாள், மணக்குது, பிள்ளை இருக்கிற கார் என்று. அவன் எடுக்க மாட்டான். நான் காப்பாற்றினவன் என்பதற்கு வேறு சாட்சி அவனிடம் இல்லை. பிறகு யோகன் அந்த வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கினான், தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் ஒருவன், நன்றாகக் கதைப்பான், சனங்களைச் சிரிக்க வைப்பான். முதலோ பிறகோ. இங்கேதான் குகதாசனின் மனம் எப்போதும் வந்து சிக்கும். அவள் மனம் விட்ட பிறகு யோகன் வந்தானா, யோகன் வந்ததால் மனம் விட்டாளா. அவள் சொன்னாள், உங்களுக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம், தபால்காரனிலயும் சந்தேகம், அந்த மனிசன் வர முந்தியே நீங்கள் என்னை அந்த மனிசனோட அனுப்பியாச்சு என்று. அது நியாயமா? தபால்காரன் சிரித்தது உண்மை. முதலோ பிறகோ, முதலோ பிறகோ. இயந்திரமும் அதையே சொல்லிக்கொண்டு ஓடியது.

இவ்வளவுக்கும் அவன் ஆசைப்படுவது என்ன? மணவறைக்கு முன்னால் ஒரு பலகை. அதில் கொஞ்ச நேரம். பக்கத்தில் தவமலர் கூறைச் சேலை மாதிரி ஏதோ ஒரு நல்ல சேலையில். அவள் செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுவாள், அவன் ஆரபியின் கையை எடுத்து அந்தப் பொடியனின் கைக்குள் வைப்பான், ஊற்றுகிற தண்ணீர் அவன் விரல்களிலும் படும், அது தவமலரின் கையிலிருந்து வந்த தண்ணீர். ஐயர் பூட்டன், பாட்டன், தகப்பன் என்று தலைமுறை சொல்லிக்கொண்டு வந்து குகதாசன் என்பார். சபை கேட்கும். அவ்வளவுதான். அதைத்தான் அவளுக்கு ஏலாதாம். ஒரு செம்புத் தண்ணீருக்கு ஏலாதாம்! எம்டி நைன்ரியில் ஏலுமாக இருந்தது. யோகன் இருந்தால் ஐயர் யாருடைய பெயரைச் சொல்லுவார்? அவன் பெயரைச் சொல்லிவிட்டால்? சபையில் பாதிப் பேருக்கு யார் தகப்பனென்றே தெரியாது, வயிறு இல்லாத அந்த ஆளைப் பார்த்து, அச்சொட்டாகத் தகப்பன் என்பார்கள். இல்லை. இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வீதியில் சந்தித்ததும் மகளுக்கு முன்னால் இல்லாமல் அவனுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். தம்பி, உம்முடைய வேலை வந்தவர்களுக்குச் சந்தனம் குடுக்கிறது.

அப்போதுதான் அது தெரிந்தது. வலது பக்கத்தில், எதிர்த்திசையைப் பார்த்தபடி, வீதியோரம் ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஓர் ஆள். தாங்கியில் வெயில் பட்டுத் தெறித்த நிறத்தைக் குகதாசனுக்கு இருபது வருசமாகத் தெரியும். நீலம். கிட்ட வர வர, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தரையில் வெள்ளையாக, உருண்டையாக, கழற்றி வைத்த ஹெல்மெற். அந்த ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். குகதாசன் நிறுத்த வேண்டும். கை பிறேக்கில்தான் இருந்தது, விரல்கள் அதன்மேல்தான் இருந்தன, அழுத்தவில்லை. தலை மட்டும் தன்பாட்டில் ஒரு வெட்டு வெட்டியது, தாடிக்காரருக்கு வெட்டினது மாதிரியே. கடந்துவிட்டான். என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை, வேகம். வேகத்தில் நிறுத்த ஏலாது. யாரும் வருவார்கள், காருக்குப் பின்னால் கரவன் வீடு இழுத்துப்போகிறவர்கள் வருவார்கள், லொறிக்காரன் வருவான், அவனுக்குத்தான் எல்லாரும் உதவி செய்வார்களே, பார்த்தவுடனே சனத்துக்குப் பிடித்துப்போகிற முகமல்லவா. கொஞ்சம் வெயிலில் நிற்கட்டும். ஒருதரம் நிற்கட்டும். நான் நின்றேன் இருபது வருசம். ஒரு சந்தோஷம் நெஞ்சுக்குள் சூடாக எழும்பியது, குகதாசன் அதை முழுதாக அனுபவிக்கப் பார்த்தான். பக்கக் கண்ணாடியில் யோகன் இருந்தான். தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. வேறு எந்த வீதியாக இருந்தாலும் இந்நேரம் ஒரு வளைவு வந்து ஆளை மறைத்திருக்கும், ஒரு மரமாவது, ஒரு சின்ன இறக்கமாவது. இங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியில் ஆள் சிறுத்தான், ஆனால் மறையவில்லை. கை இறங்கியது. இன்னும் சிறுத்தான். இடுப்பில் கை வைத்து நின்றான். ஒரு புள்ளியானான், புள்ளிக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருப்பதாக அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவு தூரத்துக்குத் தெரிய நியாயமில்லை. போனால் அவன் மனிதன் இல்லை என்று வெள்ளைப் பின்னல்காரி சொன்னாள். என்ன தகப்பனப்பா நீ, மகளின் கல்யாணத்துக்கு இவ்வளவு தூரமா என்று புறப்படும்போது அவனைக் கட்டிப்பிடித்தவளும் அவள்தான். அவள் இதைக் கண்டிருந்தால்? ஆரபி கண்டிருந்தால்? அவள் கேட்பாள், யோகனைக் கண்டீங்களா அப்பா, என்று. பொய் சொல்லலாம், காணவில்லை என்று. இந்த வீதியில் காணவில்லை என்று எந்த முட்டாளும் நம்ப மாட்டான். சனியன் பிடித்த வீதி. குகதாசன் வாய்விட்டு ஏசினான், தன்னையா அவனையா வீதியையா என்று தெரியாமல் ஹெல்மெற்றுக்குள் எச்சில் தெறிக்க ஏசிவிட்டு, வேகத்தைக் குறைத்து, வீதி முழுவதையும் எடுத்து, தள்ளாடித் திருப்பினான். திருப்பியதும் காற்று முகத்தில் அடித்தது.

கிட்டப் போய் நிறுத்தியபோது யோகன் சிரித்துக்கொண்டு நின்றான். முகம் வெயிலில் வெந்து கிடந்தது. குகதாசன் முதலில் பார்த்தது வயிற்றை. இருந்தது. நல்ல வயிறு, சட்டைப் பொத்தான் இழுபட்டுக்கொண்டு.

"ஓட்டத்தில நிப்பாட்டேலாமப் போச்சோ?" என்று யோகன் கேட்டான்.

"ஓம். காத்துத் தள்ளுது" என்றான் குகதாசன். யோகன் வீதியை ஒருதரம் அந்தக் கடைசித் தொங்கல்வரை பார்த்துவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவன் வேஷம், என்று குகதாசன் நினைத்தான். வேஷமில்லாமலும் இருக்கலாம் என்று நினைப்பு வந்தபோது இன்னும் எரிந்தது.

"காத்துத்தான் எனக்கும் வினை. எனக்கு அது எதிர்க்காத்து. அங்கால போய்ப் பெற்றோல் அடிப்பம் எண்டு கிடந்ததோட வெளிக்கிட்டிட்டன், குடிச்சுத் தள்ளிட்டுது."

"ஒருத்தரும் நிக்கேல்லையோ?"

"நிக்காமல்? ரெண்டு கரவன், ஒரு லொறி. எல்லாரிட்டையும் டீசல். ஏத்திக்கொண்டு போறம் எண்டும் கேட்டவை. நான்தான் மாட்டன் எண்டிட்டன். என்ர ஆள் ஒராள் வாறார், அவரிட்டப் பெற்றோல் இருக்கும் எண்டு சொன்னன்."

"ஆர் சொன்னது என்னட்டை இருக்குமெண்டு?"

"மலர்தான். வெளிக்கிடேக்க வாசலில நிண்டு சொன்னவ. பெற்றோல் முடிஞ்சாலும் பயப்பிடாதேங்கோ, அந்த மனிசன் கக்கூசுக்குப் போனாலும் போத்தலில பெற்றோல் கொண்டுதான் போகும் எண்டு."

குகதாசன் திரும்பி நின்று பையின் வார்களை அவிழ்த்தான். அந்த மனிசன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் போத்தல் ஞாபகம் இருக்கிறது. வேறு வீடு, வேறு சமையலறை, வேறு ஆளுடைய சட்டைகளை மடித்து வைக்கிற அலுமாரி, இத்தனைக்கும் நடுவில் அந்தப் போத்தல் எங்கேயோ இருந்திருக்கிறது. சிவப்புக் கானை எடுத்தான். யோகன் தாங்கியின் மூடியைத் திறந்து, காற்றுக்குச் சிதறாமல் இரண்டு கையாலும் வாயைச் சுற்றிப் பொத்திப் பிடித்தான். குகதாசன் சரித்தான். மெல்லிய கோடாகப் பெற்றோல் இறங்கியது, காற்றில் கொஞ்சம் வளைந்து, யோகனின் விரல்களில் பட்டு வழிந்து, உள்ளே போனது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோகனின் விரல்கள் பருத்து, நகங்கள் வெட்டுப்பட்டு, சாதாரண விரல்களாக இருந்தன.

"கையில படுது" என்றான் குகதாசன்.

"பரவாயில்லை, ஊத்தும்."

கேட்பதாக அவன் நினைக்கவேயில்லை. வாய் கேட்டுவிட்டது. "ஆரபி உம்மை என்னண்டு கூப்பிடுறவள்?"

"யோகன் எண்டு."

"அது எனக்கு முன்னால. வீட்டில?"

யோகன் நிமிரவில்லை. "வீட்டிலயும் அதுதான். ஏழு வயசிலயும் யோகன், இண்டைக்கும் யோகன். பள்ளிக்கூடத்தில ஏத்தப் போனால் மற்றப் பிள்ளையள் உன்ர அப்பா வந்திட்டார் எண்டு சொல்லுங்கள். அது அப்பா இல்லை, யோகன் எண்டு நிண்டு திருத்திப்போட்டுத்தான் வருவாள். ஒருக்காக் கடுங் காய்ச்சல், ஆஸ்பத்திரியில மூண்டு நாள். அப்பா, அப்பா எண்டு ஒரே அனுக்கம். நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். கூப்பிட்டது உம்மை." ஒரு விரலைத் தூக்கி வழிந்ததைத் தாங்கியின் விளிம்பில் துடைத்தான். "எனக்கு உம்மில சரியான எரிச்சல், தெரியுமோ? ஒண்டும் செய்யாமலே நீர் அப்பா."

கான் கையில் கனத்தது. குகதாசனுக்கு வந்தது வெறும் சந்தோஷம், மறைக்கத் தேவையில்லாத, வெட்கங்கெட்ட சந்தோஷம். தன்னைப் பார்த்து ஒருவனுக்கு வயிறெரிகிறது! பிறந்து ஐம்பத்தெட்டு வருசத்தில் முதல் தடவை. அதுவும் இவனுக்கு. இந்த வெளியில் நின்று இதை இன்னொருதரம் சொல்லும் என்று கேட்கலாம் போல இருந்தது. பிறகு அந்தக் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. எந்தக் காய்ச்சல்? எந்த வருசம்? எனக்கு யாரும் சொல்லவில்லையே. சொல்ல எடுத்திருப்பாள், நான் தவமலரின் நம்பரைக் கண்டால் எடுக்காமல் விட்ட காலமாக இருக்கும். மூன்று நாள் பிள்ளை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். சிறிய கை, சூடாக இருந்திருக்கும், அந்தச் சூடு எப்படி இருந்ததென்று இவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலும் இவனிடம்தான் இருக்கிறது. அந்தச் சொல் என்னுடையது, அந்தக் கை இவனுடையது. இதை எப்படிப் பிரிக்கிறது? யாரிடம் போய்க் கேட்கிறது? கடைசித் துளியும் விழுந்து, கானைத் தட்டித் தட்டி, இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் அவன் அதைச் சரித்தபடியே பிடித்திருந்தான்.

"முடிஞ்சுது" என்றான் யோகன்.

"தாரைக்கு நீரே இரும்."

"என்ன?"

"காது கேக்கேல்லையோ? நீரே இரும் எண்டன். கையைப் பிடிச்ச ஆள்தானே குடுக்கவேணும்." குரல் ஏசுவதுபோல வந்தது. அது நல்லதாகப் போயிற்று. "ஐயரிட்டை மட்டும் தகப்பன்ர பேரைச் சரியாச் சொல்லும். குகதாசன். குகன் எண்டு கட்டையாக்கக் கூடாது. முழுசா வரவேணும்."

யோகன் கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனான்.

"பெற்றோல் கை!" என்று அதட்டினான் குகதாசன். கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து அவனிடம் எறிந்துவிட்டு, குனிந்து, தரையில் கிடந்த ஹெல்மெற்றை எடுத்து, சிவப்புப் புழுதியைச் சட்டையில் தட்டித் துடைத்துக் கொடுத்தான். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கையில் வெள்ளையாகத் தெரிந்தது, கிட்ட மங்கல் மஞ்சள்.

"நீர் முன்னுக்குப் போம்" என்றான் யோகன், கண்ணைத் துடைத்தபடி. குகதாசன் காலிக் கானைப் பைக்குள் திணித்தான். "இல்லை, நீர் போம். உம்மட எண்ணெய் எவ்வளவுக்குக் காணுமெண்டு பாக்கவேணும்."

அப்படியே போனார்கள். முன்னால் நீலம், கொஞ்சத் தூரம் விட்டுக் குகதாசன். யோகன் சாய்ந்து ஓட்டுகிற விதம் அழகாக இருந்தது, எரிந்தது, எரிந்துகொண்டேதான் பின்னால் போனான். கல்யாணத்தன்று அந்தப் பலகைக்கு எதிரே எந்தக் கதிரையில் இருந்தால் பெயர் சொல்வது நன்றாகக் கேட்கும் என்று ஒரு யோசனை ஓடியது. செம்பிலிருந்து தண்ணீர் விழும். இவன் விரலில் படும். பட்டுவிட்டுப் போகட்டும், அந்த விரலில் பெற்றோல் மணக்கும், எத்தனை சோப் போட்டாலும் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது, தவமலருக்கு அந்த மணம் தெரியும். வெயில் உச்சிக்கு வந்தது. பற்றைகள் கொஞ்சம் உயர்ந்து மரங்களாயின. இனி வளைவு வரும் என்று யாரும் சொல்லாத ஓர் இடத்தில் வீதி இடப்பக்கம் மெதுவாகத் திரும்பியது. முன்னால் போன யோகன் சாய்ந்தான், மரங்களுக்குப் பின்னால் போனான், இல்லாமல் போனான். அன்றைக்குக் காலையிலிருந்து குகதாசனின் கண்ணிலிருந்து ஒன்று மறைந்தது அதுதான் முதல் தடவை. இந்த மனிதன் ஒருநாள் கண்ணிலேயே படாமல் போய்விட வேண்டும் என்று இருபது வருசம் நேர்ந்தவனுக்கு நெஞ்சு திடுக்கென்றது. பெற்றோல் போதாமல் போயிற்றோ, விழுந்துவிட்டானோ, கங்காரு பாய்ந்ததோ. நேராகவே பிடித்துப் பிடித்து மரத்துப்போன கைகளால் ஹாண்டிலைத் திருப்பி, குகதாசன் வேகத்தைக் கூட்டினான்.